பாலைத்துறையில் இருட்டு விற்ற காலம்

மதிலுக்கு அந்தப் பக்கத்தில் ஓர் இயந்திரம் திம் திம் என்று நடந்து, களைத்து, உஸ்ஸென்று மூச்சு விட்டு, மறுபடியும் திம் திம் என்று நடக்கத் தொடங்கும் சத்தத்தைச் சலேத் தன் பெயரைக் கேட்பதற்கு முன்னரே கேட்டிருந்தாள். அது அவளுடைய அப்பா பாலைத்துறையில் ஐஸ் கொம்பனி தொடங்கிய வருடம். பிள்ளையைத் தொட்டிலில் போட்டவர்கள் இயந்திரத்தின் தாளத்துக்கே ஆட்டினார்கள், கிழிந்த வலையைப் பொத்துகிறவர்கள் அதே தாளத்துக்கு ஊசியை விட்டு எடுத்தார்கள், செபமாலை சொல்லுகிற பெண்கள்கூடத் தங்களை அறியாமல் அந்த உஸ்ஸில்தான் ஆமென் சொன்னார்கள். பிறகு சலேத் வளர்ந்து, அப்பா இல்லாமல் போய், கொம்பனி அவள் கைக்கு வந்து, இயந்திரத்தை ஓட்ட வந்த கிறகோரியை அவள் கட்டி, இரண்டு பேருக்கும் தலை நரைக்கத் தொடங்கிய காலத்தில், கரண்டின் விலை ஏறி ஏறி, ஐஸ் வாங்குகிற காசுக்கு அதில் வைக்கிற மீனையே வாங்கிவிடலாம் என்று வந்தபோது, அந்தச் சத்தம் நின்றது.

நின்ற இயந்திரத்தைக் கிறகோரி கைவிடவில்லை. காலையில் எழும்பினால் முதல் வேலையாக அதற்கு எண்ணெய் போட்டு, இறுகிப்போகாமல் பெரிய சக்கரச் சில்லைக் கையால் சுற்றிவிட்டு, அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்ட பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார்.

"சீவன் கிடக்குது," என்பார்.

"அதுக்கோ, உங்களுக்கோ?" என்பாள் சலேத்.

அப்படியிருக்கையில்தான் வானொலி ஒரு மத்தியானம், வீடுகளுக்கும் வியாபாரங்களுக்கும் கரண்டின் விலை வெகு விரைவில் குறைக்கப்படும் என்று சொன்னது. வேறு ஊர்களில் சனங்கள் சந்தோசப்பட்டிருப்பார்கள், நம்பாமல் சிரித்திருப்பார்கள், அல்லது சோற்றைப் பிசைந்துகொண்டே அடுத்த செய்தியைக் கேட்டிருப்பார்கள். பாலைத்துறை மட்டும் கப்சிப்பென்று ஆனது. ஏனென்றால் இறங்குகிற விலைக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்பது பாலைத்துறைக்குப் பரம்பரையாகத் தெரியும்.

அந்தத் துறையில் மீனை ஏலம் கூறுகிற முறை வேறெங்கும் இல்லாதது. கூறுகிறவர் வானத்தளவு விலையில் தொடங்கி இறங்கிக்கொண்டே வருவார்; வாங்க வந்தவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு, காதைக் குடைந்துகொண்டு, மீன் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் மாதிரி நிற்பார்கள்; முதலில் வாயைத் திறக்கிறவர் அந்த விலைக்கு மீனை எடுக்க வேண்டும், விலையைக் கெடுத்தவர் என்ற பெயரையும் சேர்த்து எடுக்க வேண்டும். எந்தக் காலத்திலோ, ஒரு சுறா விலை இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நித்திரைக் குறைவால் வாயைத் திறந்துவிட்ட ஒரு பாவியின் பேரப்பிள்ளைகளை இன்றைக்கும் கொட்டாவியார் வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் சொல்லுகிறார்கள்.

ஆகவே அன்று பின்னேரம் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர் எஸ்தாக்கிச் சம்மாட்டியார் சங்க மண்டபத்தில் ஊரைக் கூட்டி, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுருக்கமாகப் பேசினார்.

"இறங்கத் தொடங்கீட்டுது. இன்னும் இறங்கும். ஒரு வீட்டிலையும் ஒரு சுவிச்சும் போடப்படாது. போடுறவன் விலையைக் கெடுக்கிறவன்."

"எவ்வளவுக்கு இறங்கும் சம்மாட்டியார்?" என்று கேட்டாள், சலேத்தின் வேலிக்கு அடுத்த வேலிக்காரி பிலோமினா.

"மூச்சுக் காட்டாமல் இருந்தால், கடைசியிலை சும்மா தந்திட்டுப் போவினம்."

அன்றோடு சலூன்காரர் கைவிசிறியால் விசிறிக்கொண்டே மயிர் வெட்டினார். வெதுப்பகக்காரர் ரொட்டி சுடுகிற பழைய விறகுப் போறணையைத் திறந்து அதற்குள் குடியிருந்த பூனையைக் கிளப்பினார். பங்குச் சுவாமி ஒலிபெருக்கியை மூடிவைத்துவிட்டுத் தொண்டையால் பிரசங்கம் வைக்க, முன்வரிசைக்கு அப்பால் ஒருவருக்கும் ஒன்றும் கேட்காமல், வருகிறவர்களின் தொகை கூடியது. ஊரில் தொடப்படாமல் கிடந்த சுவிச்சுகளில் சிலந்தி வலை கட்டியது. அதை அடிப்பதற்கும் பயந்தார்கள், தும்புத்தடி தவறிப் பட்டுவிட்டால் பரம்பரைக்கும் பெயர் கெட்டுவிடுமே.

வானொலி பிறகு, குறைப்பு ஆராயப்படுகிறது என்றது. அதன் பிறகு, ஆராய்ந்தவர்களின் ஆராய்ச்சியை ஆராய ஒரு குழு என்றது. குழுவில் ஒருவர் வெளிநாடு போய்விட்டார், வந்ததும் கூடுவார்கள் என்றது. ஒவ்வொரு தாமதத்தையும் எஸ்தாக்கிச் சம்மாட்டியார் ஒரு வெற்றியாகக் கொண்டாடினார். "பார்த்தியளே, தளம்பினம்," என்று மீசையை நீவினார்.

விளக்கில்லாத வீடுகளில் இருட்டு முதலில் சும்மாதான் இருந்தது. பிறகு, அதைக் கலைக்க ஒரு வெளிச்சமும் வராதபடியால், காய்ச்சி வைத்த பாலில் ஆடை படிவதுபோல மூலைகளில் படியத் தொடங்கி, படிந்தது தடித்து, தடித்தது திரண்டு, விடியும்போது கட்டிலுக்குக் கீழேயும் அடுப்படியிலும் கணவாய் மீனின் மை நிறத்தில், இலவம் பஞ்சின் பாரத்தில், தொட்டால் சில்லென்று கிடந்தது. பெண்கள் அதை ஈர்க்குமாறால் கூட்டி முற்றத்தில் தள்ளினார்கள். வெயில் பட்டதும் அது ஒரு பெருமூச்சு விட்டுக் கரைந்தது. கரையாமல் நிழலில் தங்கியதைக் கோழிகள் கிளறிப் பார்த்து, பிரயோசனமில்லை என்று விட்டுவிட்டுப் போயின.

அதன் பிரயோசனத்தைக் கண்டுபிடித்தது சலேத். ஐஸ் கொம்பனி மண்டபத்துக்குச் சன்னல் கிடையாது. குளிர் வெளியே போகாமலிருக்க அப்பா நாலு சுவருக்கும் தக்கை பதித்திருந்தார். அங்கே இருட்டு முழங்காலளவு ஏறியிருந்தது. விலைப்படாத ஒரு கூடை பாரை மீனை அதற்குள் வைத்துவிட்டு, ஒரு செத்தவீட்டுக்குப் போய், அழுது, மாரடித்து, சாப்பிட்டு, சொந்தங்களோடு கோபித்து, சமாதானமாகி, அந்த வாரம் முழுக்கக் கழிந்த பிறகு நினைவு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தால், மீன் அப்போதுதான் கடலைவிட்டு வந்த மாதிரிக் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டாள், "உங்கடை மெசினுக்கு இனி வேலையில்லை."

கிறகோரி வந்து, ஒரு பிடி இருட்டை எடுத்து, விரலால் கசக்கி, மணந்து பார்த்தார். "குளிருது," என்று ஒத்துக்கொண்டார். "ஆனால் உது ஐஸ் இல்லை."

ஊருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. கிழமை திரும்ப முன்னர் பாலைத்துறையில் இருட்டு வியாபாரம் தொடங்கிவிட்டது. பனையோலைப் பெட்டிகளில் அடைத்து, ஈரச்சாக்கால் மூடி, வெயில் ஏறுமுன் துறைக்குக் கொண்டுபோனார்கள். வெகு சீக்கிரத்தில் தரமும் பிரித்தார்கள். அடுப்படி இருட்டில் வெங்காயம் மணக்கும், அது கருவாட்டுக்கு மட்டும் சரி. சண்டைக்கார வீட்டு இருட்டில் வைத்த மீன் முள்ளு முள்ளாய் நிற்கும். புதிதாய்க் கலியாணம் முடித்தவர்களின் வீட்டு இருட்டை ஒருவரும் வாங்கமாட்டார்கள், சூடு. கணக்கு வாத்தியார் வீட்டு இருட்டைச் சதுரம் சதுரமாக வெட்டலாம். கோயிலில் பூசை உடுப்புகள் வைக்கிற சக்கிறீஸ்து அறையின் இருட்டு எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று பெயரெடுத்தாலும், அதில் வைத்த இறால் தூபம் மணக்கிறது என்று பட்டணத்து ஆட்கள் முறைப்பாடு சொன்னார்கள். சுவாமி அதைத் திருநாளுக்கு மட்டும் கொடுத்தார்.

சச்சரவும் இருந்தது. பிலோமினா ஒரு காலை வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, "என்ரை வீட்டுக் கோடிப்பக்கத்திலை கிடந்த இருட்டை ஆரடி இழுத்தது? இழுத்த தடம் மண்ணிலை கிடக்குது!" என்று கத்த, பக்கத்து வீட்டு ஞானசீலி, "உன்ரை இருட்டை நான் ஏன் தொடுறன்? கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் கண்ணிலை படாத நரைச்ச இருட்டு!" என்று பதில் சொல்ல, இரண்டு பேரும் அன்று முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் வேலியைத் திருத்தாமல் இருட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் எவருடைய இருட்டும் சலேத்தின் இருட்டுக்குக் கிட்ட வராது. சன்னலில்லாத மண்டபத்தில் அது இடுப்பளவு நின்றது. துறையின் மீன் முழுக்க அங்கேதான் வந்தது. அப்பா இருந்த காலத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கொம்பனி வாசலில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், அவளை முதலாளியம்மா என்றார்கள், அவள் ஒரு புதுச்சேலை எடுத்தாள். கிறகோரி மட்டும் காலையில் இடுப்பளவு இருட்டுக்குள் நடந்து, தடவித் தடவி இயந்திரத்தைக் கண்டுபிடித்து, எண்ணெய் போட்டு, சில்லைச் சுற்றி, காதை வைத்துக் கேட்டார். ஒருநாள் அவர் வெளியே வர நேரமானது. வந்தபோது தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"பெரியதுறை ஐஸ் கொம்பனியிலை ஆள் கேட்கினம்," என்றார். "அங்கை மெசின் ஓடுது."

"இஞ்சை என்ன குறை உங்களுக்கு?"

"ஒரு குறையுமில்லை." அவர் கையிலிருந்த எண்ணெயைச் சாரத்தில் துடைத்தார். "காதுக்குத்தான் ஒண்டுமில்லை. திருநாள் முடிஞ்ச மறுநாள், மத்தியானப் பஸ்ஸிலை போறன். மாதத்துக்கு ஒருக்கா வருவன்."

சலேத் சிரித்தாள். கோபித்தாள். பிறகு, விலை குறைந்ததும் இயந்திரத்தைப் போடுவோம், அதுவரை பொறுங்கள் என்றாள். எப்போது குறையும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடம் சொல்லுவதற்கு வானொலி சொன்னது மட்டுமே இருந்தது. விலை இறங்கும்வரை அவரை எப்படியாவது வைத்திருக்க வேண்டும், அல்லது அவர் போகுமுன் விலை இறங்க வேண்டும்; கோயிலில் மெழுகுதிரி கொளுத்திக் கேட்க நினைத்து, வெளிச்சம் இருட்டைக் கெடுக்கும் என்று ஊர் ஏசுமே என்று கொளுத்தாமலே கேட்டாள்.

திருநாளுக்கு முன்னர் கரண்ட் கந்தோரிலிருந்து ஓர் ஐயா வந்தார். இராசநாயகம் என்று பெயர். முழுக்கைச் சட்டை, பயந்த கண்கள். ஒரு முழு ஊரின் மீற்றர்களும் அசையாமல் நிற்கின்றன, களவாகக் கம்பி இழுத்திருக்கிறார்களோ என்று பார்த்துவர அனுப்பியிருந்தார்கள். சலேத்தின் மண்டபத்துக்குள் இறங்கியவர், ஒரு காலில் சப்பாத்தில்லாமல் வெளியே வந்தார்.

"இது என்ன?"

"இருட்டு ஐயா."

"வீட்டு உபயோகப் பாவனையோ, வியாபாரப் பாவனையோ?"

சலேத் யோசித்தாள். "வீட்டிலை இருக்கேக்கை வீடு. பெட்டிக்குள்ளை போட்டால் வியாபாரம்."

அவருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. ஆனால் அதற்கு எந்தக் கட்டணம் போடுவதென்று மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். மாதிரிக்குக் கொஞ்சத்தைத் தன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் அள்ளிக்கொண்டார். பிறகு சங்க மண்டபத்து மர வாங்கில் உட்கார்ந்து, எஸ்தாக்கிச் சம்மாட்டியாருக்கு நிலைமையை விளங்கப்படுத்தினார்.

"நீங்கள் ஒருத்தரும் கரண்ட் பாவிக்கிறதில்லை. வருமானமில்லை. வருமானமில்லாமல் எப்பிடிக் குறைக்கிறது? நீங்கள் பாவிச்சால்தான் குறைக்கலாம்."

"நீங்கள் குறைச்சால்தான் பாவிப்பம்."

"அது சரி. ஆனால் பாவிச்சால்தானே…"

"ஐயா," என்றார் சம்மாட்டியார் அன்போடு, "நீங்கள் மீன் வாங்கின ஆள் மாதிரித் தெரியேல்லை."

ஐயா களைத்துப்போய், சட்டப்படி மக்களின் கருத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது, திருநாளுக்கு அடுத்த நாள் முற்பகல் இதே மண்டபத்தில் கேட்பேன் என்று சொல்லிவிட்டு, ஒற்றைச் சப்பாத்தோடு பஸ் ஏறினார்.

திருநாள் வந்தது, அந்தோனியார் தேரில் இருட்டோடு இருட்டாக ஊரைச் சுற்றினார், யாருடைய தோளில் தேர் போகிறது என்று தூக்கியவர்களுக்கே தெரியவில்லை. மறுநாள் முற்பகல் ஊர் முழுக்கச் சங்க மண்டபத்தில் இருந்தது. கடைசி வாங்கின் ஓரத்தில் கிறகோரி ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பையின் வாயால் எண்ணெய்த் தகரக் கானின் மூக்கு வெளியே தெரிந்தது. சலேத் அவருக்கு இரண்டு வாங்கு முன்னால் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இராசநாயகம் ஐயா எழும்பி, தொண்டையைச் செருமி, "விலை குறைப்பைப் பற்றி உங்கள் கருத்தைத் தாராளமாகச் சொல்லலாம்," என்றார்.

ஊர் கடலைப் பார்த்தது. சலூன்காரர் காதைக் குடைந்தார். பிலோமினா தன் விரல் நகங்களை இன்றைக்குத்தான் கண்டவள் மாதிரிப் பார்த்தாள். கொட்டாவியார் வீட்டுக்காரர்கள் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள்.

"மேலிடம் நூற்றுக்குப் பத்து குறைக்க யோசிக்குது," என்றார் ஐயா.

ஒருவரும் அசையவில்லை.

அப்படியொரு மௌனத்தை அவர் தன் உத்தியோகத்தில் கண்டதில்லை. திட்டுவார்கள், கல்லெறிவார்கள், அதற்குப் பழக்கம் உண்டு. இந்தக் கண்கள் அவரைத் தாண்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்கு நெற்றி வியர்த்தது. "பதினைஞ்சும் ஆகலாம்… எனக்கு அதிகாரமில்லை, ஒரு கதைக்குச் சொல்லுறன்," என்றார். மௌனம். "இருபது?" மௌனம். எஸ்தாக்கிச் சம்மாட்டியாரின் மீசை நுனி மட்டும் துடித்தது. ஊருக்கு அது போதுமாயிருந்தது, ஊர் தன் மூச்சையும் உள்ளே இழுத்துக்கொண்டது. தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் குழுக் குழுவாகக் கூடியும் இறக்காத விலையை, அந்த மனுசன் தன்னந்தனியாக, கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, முப்பதுக்கும் நாற்பதுக்கும் இறக்கிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியதும் அவர் குரல் கெஞ்சலாக மாறியது. இன்னும் கொஞ்சம் விட்டால் பாலைத்துறைக்குக் கரண்டைச் சும்மா கொடுத்து, அதைப் பாவிக்கிற கூலியாகவும் ஏதாவது தந்துவிட்டுப் போயிருப்பார்.

அப்போது சந்தியில் பெரியதுறை பஸ் ஹோர்ன் அடித்தது.

வாங்கு கிறீச்சிட்டது. கிறகோரி எழும்பினார். சத்தம் செய்யாமல், யாருடைய முழங்காலிலும் முட்டாமல், கேட்க வேண்டியது இனி ஒன்றுமில்லாத மனிதரின் நடையில் வாசலை நோக்கிப் போனார். சலேத்துக்கு ஊர் வெல்லப்போகிறது என்பது நன்றாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு மூச்சு பொறுத்தால் போதும். அந்த இரண்டு மூச்சில் பஸ் போய்விடும் என்பதும் தெரிந்தது.

"ஐயா!" என்றாள். "பழைய விலைக்கே எனக்குத் தாங்கோ. இப்பவே."

மண்டபத்தில் யாரோ 'யேசுவே' என்றார்கள். எஸ்தாக்கிச் சம்மாட்டியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாங்கில் சரிந்துவிட்டார். "விசரி!" என்றார். "சுறாவைக் கரையிலை ஏத்தி வைச்சிருந்தன். வாலிலை பிடிச்சுக் கடலுக்குள்ளை விட்டிட்டாளே!"

"என்ரை சுறா பஸ் ஏறப் பார்க்குது சம்மாட்டியார்," என்றாள் சலேத்.

இராசநாயகம் ஐயாவின் கண்ணில் நன்றி நிறைந்து நின்றது. அவர் அவசர அவசரமாக எழுதினார்: மக்கள் பழைய விலைக்குச் சம்மதம்.

வாசலில் நின்ற கிறகோரியைச் சலேத் பையோடு இழுத்துக்கொண்டு கொம்பனிக்கு நடந்தாள். பின்னால் ஊர் ஏசிக்கொண்டு வந்தது, ஏசுவதற்கு மட்டுமல்ல, பார்ப்பதற்கும். அவர் இருட்டுக்குள் இறங்கி, எண்ணெய் போட்டு, சில்லைச் சுற்றி, காதை வைத்துக் கேட்டு, தலையசைத்தார். சலேத் சிலந்தி வலையைத் துடைத்துவிட்டுப் பெரிய சுவிச்சைக் கீழே இழுத்தாள். பல்புகள் எரிந்தன. இயந்திரம் ஒருதரம் இருமி, பழுப்புத் தண்ணீர் துப்பி, பிறகு நடக்கத் தொடங்கியது. இடுப்பளவு நின்ற இருட்டு நாலு பக்கமும் பார்த்தது. இனி இங்கே சரிவராது என்று கண்டு, மழைக்கு ஒதுங்கிய ஆட்டுக்கூட்டம் எழும்பிப் போவது மாதிரி, நெருக்கியடித்துக்கொண்டு, வாசலால் வெளியேறி, வெயிலில் கரைந்தது. தரையில் துறையின் மீன் முழுக்கக் கண் விழித்துக் கிடந்தது, ஒற்றைச் சப்பாத்தும் கிடந்தது. பின்னேரத்துக்குள் எல்லாம் பழுதாகிவிடும் என்பதால், ஏசிக்கொண்டு வந்தவர்கள் ஏசிக்கொண்டே ஐஸுக்கு வரிசையில் நின்றார்கள்.

விலை கெட்ட பிறகு பொறுத்திருந்து என்ன பயன்? சலூன்காரர் மின்விசிறியைப் போட்டார். சுவாமி ஒலிபெருக்கியைத் திறந்தார், பூசைக்கு வருகிறவர்களின் தொகை பழையபடி குறைந்தது. ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரிய, இருட்டு கட்டிலுக்குக் கீழே ஒடுங்கி, பிறகு அதுவும் மெலிந்து, வேறெங்கும் உள்ள இருட்டைப் போலக் கையில் பிடிபடாததாக ஆனது. மீற்றர்கள் ஓடின. மேலிடம் அதைப் பார்த்து, சனங்கள் பழைய விலைக்கே வசதியாகப் பாவிக்கிறார்கள், ஆகவே குறைப்பை இன்னும் கொஞ்சம் ஆற அமர ஆராயலாம் என்று தீர்மானித்தது. சலேத் புதுச்சேலையை விற்றாள். ஐஸின் விலையைக் கேட்ட சனங்கள் அவள் முகத்துக்கு நேரே, வாய்திறந்தாள் என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் கணக்கு ஒத்துவராத மாதங்களில் தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டாள். குறைப்பு வெகு விரைவில் என்று வானொலி இப்போதும் சொல்லுகிறது.

கிறகோரி இயந்திரத்தோடேயே தங்கிவிட, பெரியதுறையில் அவருக்கென்று வைத்திருந்த வேலைக்கு எஸ்தாக்கிச் சம்மாட்டியாரின் மருமகன் போனான். அவனுக்கு அங்கே ஒரு வீடும் கொடுத்திருக்கிறார்கள்.